கொடும்பாளூர் மோட்டாருக்குப் போட்ட பூட்டு

வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது யாராவது குறுக்கே கேள்வி கேட்டால் எனக்குப் பிடிக்காது. வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டில் ரசமா மோரா என்று மனைவி கேட்டால்கூட வாயைத் திறக்காமல் கையைக் காட்டிவிடுவேன். இதைப் பெரிய குற்றமென்று யாரும் சொல்லிவிட முடியாது.

குளத்தூரில் கோபிநாத் சார் நடத்தும் சின்னக் கம்பெனியில் நான்தான் கம்ப்யூட்டர் ஆள். கிணற்று மோட்டார்களில் ஒரு பெட்டியை மாட்டிவிடுவோம். குறித்த நேரத்தில் மோட்டார் தானாக ஓடும். விவசாயி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டியதில்லை. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும் என்பதெல்லாம் ஆபீஸ் சர்வரில் ஒரே ஃபைலில் இருக்கும். மெக்கானிக் கிணற்றில் இறங்கும் முன் ஆபீஸுக்கு போன் செய்வார். போனை எடுக்கும் வனிதா, அந்த மோட்டாருக்கு நேராகப் ‘பூட்டு’ என்று ஒரு வரி சேர்ப்பாள். அது இருக்கும்வரை மோட்டார் ஓடாது.

முன்பெல்லாம் மெக்கானிக்குகள் மெயின் போர்டிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். கட்டையைப் பிடுங்கினால் எங்கள் பெட்டியும் அணைந்துபோகும், திரும்ப உயிர் வரும்போது நேரம் தப்பியிருக்கும், சரிசெய்யும் வேலை என் தலையில் விழும். அதனால் எல்லோரையும் கூப்பிட்டு அந்தப் பழக்கத்தை விடச் சொன்னேன். பெரியகருப்பன் அண்ணன் மட்டும் தயங்கினார்.

“கட்டை மடியில இருந்தா உசுரு மடியில இருக்க மாதிரி தம்பி.”

“அதெல்லாம் வேணாம்ணே. ஒரு போனைப் போடுங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்.”

அவர் என்னை நம்பினார்.

ஒரே ஒரு கோளாறு இருந்தது. வனிதாவும் நானும் அந்த ஃபைலை ஒரே சமயத்தில் திறந்து வைத்திருப்போம். அவள் எதையாவது மாற்றிச் சேமித்தால், நான் டைப் செய்யும் எடிட்டர் சாப்ட்வேர் என்னிடம் கேட்க வேண்டும்: ‘இந்த ஃபைலை வேறு யாரோ மாற்றியிருக்கிறார்கள். புதியதை எடுத்துக்கொள்ளவா, உன்னுடையதையே வைத்துக்கொள்ளவா?’ அது கேட்காமல் இருந்தது. மாசி முழுக்க அதைத் துருவினேன். ஃபைல் என் கம்ப்யூட்டரில் இருந்தால் மாற்றம் உடனே தெரிந்தது, சர்வரில் இருந்தால் தெரியவில்லை. சர்வரில் நடப்பதை எடிட்டருக்கு யாரும் வந்து சொல்லவில்லை என்பதுதான் விஷயம். யாராவது சொல்லட்டும் என்று காத்திராமல், நொடிக்கு நொடி அதுவே போய்ப் பார்த்துவரும்படி மாற்றினேன். அதன்பிறகு ஒரு தடவைகூடத் தப்பவில்லை. கோபிநாத் சார் எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பங்குனியில் கரண்ட் விடும் நேரத்தை மாற்றினார்கள். எல்லா மோட்டாருக்கும் நேரத்தை மாற்றி எழுத வேண்டியிருந்தது. காலையிலிருந்து உட்கார்ந்து எழுதி முடித்து, சேமித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றைக்குக் கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் பெரியகருப்பன் அண்ணன் இறங்கியிருந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று வயர் ஜாயின்டைப் பிரித்துக் கையில் வைத்திருந்தபோது மோட்டாருக்குக் கரண்ட் பாய்ந்தது. மேலே நின்ற விவசாயி ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஃபைலில் அந்த மோட்டாருக்குப் பூட்டு இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி சின்னப்பிள்ளை ஒன்றையேதான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். “போனப் போட்டுட்டுத்தானே எறங்குனாக?” என்னிடமும் கேட்டார். நான் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். அந்தக் குனிதலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பூட்டுப் போட்டுச் சேமித்ததாக வனிதா அழுதுகொண்டே சொன்னாள். கோபிநாத் சார் என்னைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். முறையாகச் சோதித்தேன். அவள் கம்ப்யூட்டரில் ஒரு வரியை மாற்றிச் சேமிக்கச் சொன்னேன். என் திரையில் கேள்வி வந்தது. திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் வந்தது. கோபிநாத் சார் பக்கத்திலேயே நின்று பார்த்தார். “இவ சேமிச்சிருந்தா என்னைக் கேட்டிருக்கும் சார். அன்னைக்குக் கேக்கல,” என்றேன். நியாயமான முடிவுதான். சர்வர் பழைய பிரதிகளை வைத்திருப்பதில்லை, அவள் சேமித்திருந்தாலும் தடயம் இருக்காது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அன்றைக்கும் கேட்டது. திரையில் அந்தக் கேள்வி நான் எழுதிக்கொண்டிருந்த வரிக்கு மேலேயே வந்து நின்றது. நான் அதைப் படித்தேன். அந்த ஃபைலில் வனிதா பூட்டைத் தவிர வேறெதையும் எழுதமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். புதியதை எடுத்தால் காலையிலிருந்து எழுதியதெல்லாம் போய்விடும். அதனால் என்னுடையதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதில் இல்லாத பூட்டை முடித்ததும் நானே எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு டீ ஞாபகம் வந்தது.

வெட்கமாக இருக்கிறது. செத்துப்போனவருக்காக அழுததைவிட, டீக்கடையில் நான் பஜ்ஜி சூடாக இல்லை என்று சண்டை போட்டதை நினைத்து அதிகம் அழுதிருக்கிறேன். அந்த நேரத்தில் அவர் தண்ணீரில் கிடந்திருப்பார்.

இன்று வனிதாவை போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குத் துணைக்கு ஆளில்லை என்பதால் என் வண்டியிலேயே கூட்டிவந்தேன். ஸ்டேஷன் கேட் அருகில் இறங்கியதும், “நாந்தான் சேவ் பண்ணாம விட்ருப்பேன் போல சார். எனக்கே இப்ப என் மேல நம்பிக்கை இல்ல,” என்றாள்.

“மறதி யாருக்கும் வாரதுதாம்மா. பயப்படாம உள்ளதச் சொல்லு,” என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இப்போது அவள் உள்ளே இருக்கிறாள். ஜன்னல் வழியாகத் தெரிகிறது. ஏட்டு ஒரு தாளை நகர்த்தி எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டுகிறார். நான் வெளியே வேப்பமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். உங்களிடம் சொன்ன இதே வரிசையில், ஒன்றும் விடாமல் சொல்ல முடியும். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வரட்டும். அவளைப் பத்திரமாக வீட்டில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து சொல்லிவிடுவேன்.