காவ்யா உட்கார்ந்த இடம்

வீரபாண்டியில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் பத்து வயதுப் பெண் ஒருத்தி, பக்கத்தில் இடம் காலி. உட்காரப் போனேன்.

"இங்க காவ்யா உக்காந்திருக்குதுங்க," என்றாள்.

அங்கே யாருமில்லை. நான் அவளுக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

எதிர்வரிசையில் அவள் அம்மா. அம்மாவுக்குப் பக்கத்திலிருந்த பனியன் கம்பெனிப் பெண் கேட்டாள், "ஏனுங்க, யாருங்க காவ்யா?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "இவகூடப் படிச்ச புள்ளைங்க. இவளுக்கு மூளையில கட்டி வந்து ஆபரேசன் ஆச்சு. உசுரு பொழச்சுது. ஆனா அதுக்கப்புறம் புள்ளைங்க கூட பழகவே தெரியலீங்க. அதுக்குன்னே ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுக்கறாங்க. நாளைக்குத்தானுங்க திரும்பப் பள்ளிக்கோடம் போறா, அதான் பேசிப் பழகிப் பாக்கறா."

ஜன்னலோரச் சிறுமி காலி இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். "காவ்யா, நானும் வெளையாட வரட்டா?"

அப்புறம் உதடு மட்டும் அசைந்தது.

"கேட்டுப்போட்டு மூணு எண்ணற வரைக்கும் காத்திருக்கோணும்னு ஆஸ்பத்திரி டீச்சர் சொன்னாங்க," என்றாள் அம்மா.

"காவ்யா, நானும் வெளையாட வரட்டா?" அதே குரல், அதே சிரிப்பு. நான்கு தடவை கேட்டாள்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "கண்ணு, காவ்யாவாட்டம் அம்மா பேசட்டா?"

"வேண்டாங்மா. நீங்க வான்னுதான் சொல்லுவீங்க."

"காவ்யா என்ன சொல்லுது, சாமி?"

அவள் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"மூஞ்சியத் திருப்பிக்கிச்சுங்மா."