வலம்புரியாய் வந்த பிள்ளையார்

— ஏன் துர்கா, இந்தப் பிள்ளையாருக்குத் தும்பிக்கை ஏன் இந்தப் பக்கம் போவுது?

— எந்தப் பக்கம், கோபி மாமா?

— அவருக்கு வலது கைப்பக்கம்! இது வலம்புரி. உங்கப்பா கடையில விக்கறதுக்குக் கேட்டது இடம்புரி. மண்ணு அச்சுலயே ஒட்டிக்குமோன்னு பயந்துக்கினு இருந்தேன். மண்ணு அழகா கழண்டு வந்துச்சு, தும்பிக்கை மாறிப் போச்சு!

— தொப்பை நல்லா வந்திருக்குது மாமா.

— தொப்பையை யாரு கேட்டா? அச்சு வெட்டின மொத அலுமினியக் கட்டையில, தூளு வெட்டுற பிட்டுல அப்பிக்கினு பிட்டே உடைஞ்சுது. ரெண்டாவது கட்டை நடுவுல நகந்து தொப்பையில ஓட்டை. இதுதான் உருப்படியா வந்துச்சு. வீடியோ பாத்துப் பாத்து இந்த அச்சு வெட்டுற கம்ப்யூட்டர் மிஷினைக் கத்துக்கினதுல எனக்குக் கண்ணே பூத்துப் போச்சு.

— நானும்தானே பக்கத்துல நின்னு பிட்டு சூடாவாம மண்ணெண்ணெய் ஊத்தினேன்.

— ஊத்தினே, இல்லன்னு சொல்லல. ஆனா அச்சுன்னா பள்ளம். பள்ளத்துல இடது வலது மாத்தி வெட்டினாத்தான் மண்ணுல சரியா வரும். அது தெரிஞ்சுதான் கம்ப்யூட்டர்ல படத்தைத் திருப்பி வச்சேன். வச்சேனா இல்லியா?

— வச்சீங்க.

— பின்ன எப்படி? மிஷினுக்கு என் மேல காண்டா?

— டீ குடிக்கப் போனீங்களே, அதுக்கு முன்னாடி திருப்பினீங்களா, வந்தப்புறமா?

— முன்னாடிதான்... வந்தும் ஒரு தடவை திருப்பிட்டேனோ? ஐயோ, ரெண்டு தடவை திருப்பினா பழையபடி ஆயிடுமே!

— ஆயிடும்.

— ஆயிடும்னு சாதாரணமா சொல்றே! சதுர்த்திக்கு முன்னாடி அச்சு சரியா வந்தா தை மாசம் நமக்குக் கல்யாணம், இல்லன்னா அந்தப் பேச்சே எடுக்காதேன்னு உங்கப்பா சொல்லியிருக்காரு.

— தெரியும்.

— அழக்கூட மாட்டேங்கிறே. தைரியமான பொண்ணு நீ.

— அப்பா வண்டி சத்தம் கேக்குது.

— துண்டைப் போடு! துண்டைப் போட்டு மூடு!

— என்னாடா மாப்ளே, பிள்ளையாருக்கு முக்காடு போட்டு வச்சிருக்கே?

— வாங்க மாமா. ஒரு சின்ன பேஜாரு...

— துண்டை எடு, பாப்போம். அட... வலம்புரி!

— சதுர்த்திக்குள்ள வேற வெட்டித் தந்துடறேன் மாமா.

— வலம்புரிக்கு ஆசாரமா பூசை பண்ணணும்னு வீடுங்கள்ல வாங்கவே பயப்படுவாங்க. தெரியுமில்ல?

— தெரியும் மாமா. தப்புதான்.

— ஆனா கோயில்காரன் பயப்படுவானா? தெனம் பூசாரி வர்ற மில்லுக்காரன் பயப்படுவானா? போன வருசம் வலம்புரி கேட்டு வந்தவனையெல்லாம் பக்கத்துக் கடை கிருஷ்ணசாமிகிட்ட அனுப்பினேன். அவன்கிட்டயும் இல்ல. திண்டிவனம் மார்க்கெட்லயே ஒருத்தன்கிட்டயும் கிடையாதுடா! கில்லாடிடா நீ! தை வரைக்கும் எதுக்குக் காத்துக்கினு? இந்த ஆவணியிலயே முகூர்த்தம். ஜல்தியா நாள் பாக்கணும்.

— மாமா! நெசமாவா?

— வேணாம்ப்பா!

— என்னாம்மா துர்கா வேணாம்? பொடவை எடுக்க நாள் பத்தாதுன்னு பாக்கறியா?

— அவரு சரியாத்தான் வச்சிருந்தாரு. அவரு டீ குடிக்கப் போனப்ப, நான்தான் மறுபடி திருப்பி வச்சேன்.

— தெரியாம கை பட்டிருக்கும், விடுங்க மாமா. அவளும் கத்துக்கினுதானே இருக்கா.

— கை படல, கோபி மாமா. அச்சு கெட்டாத்தான் கல்யாணம் நிக்கும்னு திருப்பினேன். உங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. ஆசையும் இல்ல.

— ஏய், என்னாடி பேசறே... டேய் மாப்ளே, எங்கடா எழுந்து போறே? ஏதாவது சொல்லிட்டுப் போடா! உன் வண்டி சாவி இங்கயே கிடக்குது பாரு... உங்க ஊரு கண்டமங்கலத்துக்கு நடந்தேவாடா போவப்போறே?