டீக்கு எண்ணின கணக்கு

ஆமா தோழர், நான்தான் அடிச்சேன். அடிச்சேன்னா ஆளை இல்ல, எழுத்தை. கிளையோட மினிட்ஸ் புத்தகத்துல கோடு போட்டு அடிச்சு, பக்கத்துலயே கையெழுத்தும் போட்டிருக்கேன் பாருங்க. திருட்டுத்தனமா பண்றவ கையெழுத்து போடுவாளா? எழுதிக்கங்க.

இல்ல, அம்மான்னு வேணாம். உங்களை நான் தோழர்னுதானே கூப்பிடுறேன்? விசாரிக்கன்னு தலைமைச் சங்கத்துலேர்ந்து வந்திருக்கீங்க, உங்களுக்கே அந்த வார்த்தை வாயில வரலேன்னா எங்க கிளைச் செயலாளரைச் சொல்லி என்ன பிரயோஜனம்.

புத்தகத்தைப் புரட்டுங்க. எந்தக் கூட்டமா இருந்தாலும் மொத வரி ஒண்ணுதான். வந்தவர்கள்: தோழர்கள் இத்தனை, பெண்கள் இத்தனை. இருபத்திரெண்டு வருஷமா இதேதான். ஏன், பஸ் கழுவுற நாங்க சந்தா கட்டலையா? ஸ்டிரைக்குன்னா எங்களுக்குச் சம்பளம் பிடிக்கலையா?

அது எப்படி வந்துச்சுன்னு கேட்டா சிரிப்பீங்க. அப்பல்லாம் சங்க ஆபீஸ்ல எடம் பத்தாது, நாங்க வெளிய வராந்தாவுல உக்காருவோம். உள்ள எத்தனை டீ, வெளிய எத்தனை டீன்னு தெரியணும்ல, அதுக்காக அப்ப எழுதுனவரு பிரிச்சுக் குறிச்சு வெச்சாரு. அவ்ளோதான் விஷயம். அப்புறம் ஆபீஸ் பெருசாச்சு, நாங்களும் உள்ள வந்துட்டோம், அந்த வரி மட்டும் வராந்தாவுலயே நின்னுருச்சு.

நாங்களும் கண்டுக்கல. டீ வந்துச்சு, குடிச்சோம். வம்பு எப்ப வந்துச்சுன்னா, ரெண்டு மாசம் முன்னாடி துணைச் செயலாளர் பதவிக்கு எங்க பிரிவுலேர்ந்து ஒருத்தி நின்னா. ஒர்க்‌ஷாப் ஆளுங்க பதினாலு பேரு அவளுக்குக் கை தூக்குனாங்க. டிரைவருங்க பதினேழு பேரு எதிர்ல நின்னவருக்கு. எங்க ஒம்பது கையும் சேந்தா அவதான் ஜெயிக்கணும். செயலாளர் என்ன பண்ணாரு? எங்க வரிசைக்கு வந்ததும் எண்றதை நிறுத்திட்டாரு. ஓட்டு தோழர்களுக்குத்தான், இவங்க தனிக் கணக்கு, புத்தகத்தைப் பாருங்கன்னுட்டாரு. டீக்கு எண்ணின கணக்கு ஓட்டுக்கு வந்து நின்னுச்சு. தூக்கின கையை எறக்காம அப்படியே நின்னோம் தோழர். தோள்பட்டை கடுத்துப் போச்சு. அன்னைக்குத்தான் கிளை ரெண்டாச்சு. இப்ப டிரைவரும் மெக்கானிக்கும் ஒரே பெஞ்சுல உக்காரறதில்ல. சங்கத்தை உடைச்சது நான்னு புகார்ல எழுதியிருக்காராமே. எண்ண மாட்டேன்னவரு உடைச்சாரா, கை தூக்குனவ உடைச்சாளா?

அன்னைக்கே ஏன் அடிக்கலைன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். நான் புத்தகத்துக்கிட்ட போயிட்டேன், தேர்தல்ல நின்னாளே, அவதான் கையைப் பிடிச்சு இழுத்தா. கை வெக்காதடி, அடுத்த கூட்டத்துல தீர்மானம் போட்டு முறையா மாத்துவோம்னா. எப்பப் பாரு முறை, முறை. அவ பேச்சை நான் என்னைக்கு மீறியிருக்கேன், வந்துட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு அவ இல்ல. பஸ்ஸுக்கு அடியில பைப்பால தண்ணி பீச்சிக் கழுவிட்டிருந்தவ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா, எந்திரிக்கவே இல்ல. போன வருஷம் ஒரு டிரைவர் தவறினப்போ சங்கக் கொடி போத்தித்தான் அனுப்புனோம், நானும் நின்னு அழுதேன். இவளுக்குச் செயலாளர் வந்தாரு, கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. கொடி எங்கேன்னு கேட்டேன். அது தோழர்களுக்குன்னு என் காதோட சொல்லிட்டுப் போயிட்டாரு.

சரி, கூட்டத்துலயாவது ஒரு நிமிஷம் எந்திரிச்சு நிப்பாங்கன்னு பாத்தேன். நிக்கல. முடிஞ்சதும் புத்தகத்தை எடுத்து, அவளைப் பத்தி ஒரு வரியாவது இருக்கான்னு தேடுனேன். இருந்துச்சு. முந்தின கூட்டத்துல பெண்கள் ஒம்பது. இந்தக் கூட்டத்துல தோழர்கள் அதே முப்பத்தொண்ணு, பெண்கள் எட்டு. இருபத்திரெண்டு வருஷம் சந்தா கட்டினவளுக்கு அதான் இரங்கல்.

பேனாவை எடுத்தேன். அந்த வரியை ஒரே கோடா அடிச்சிட்டு, தோழர்கள் நாப்பதுன்னு எழுதுனேன். நீக்குறதா இருந்தா சங்கத்தை விட்டு நீக்கிக்கங்க. மன்னிப்புக் கடிதம் மட்டும் என்கிட்டேர்ந்து வராது.

என்ன, விரலை விட்டு எண்றீங்க? கூட்டல் தப்பா? முப்பத்தொண்ணும் எட்டும் முப்பத்தொம்போதுதான் தோழர், எனக்கும் தெரியும். நாப்பதாவது எங்கக்கா.