நீலம் பூசிய ஐந்து கால்கள்

இந்த நாற்காலியின் பின்கால் லேசாக ஆடுகிறது, சார். பற்றவைத்தவன் அவசரத்தில் இருந்திருக்கிறான். ஒரு பக்கம் ஒட்டிவிட்டு மறுபக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. பயப்பட வேண்டாம், என் எடையைத் தாங்கும். கண்ணில் பட்டதைச் சொன்னேன். இருபத்திரண்டு வருடமாக இரும்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கால்பந்து பார்ப்பதில்லை. கிளப் மைதானத்திலேயே வேலை, ஆனால் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. ஆட்ட நாளில் கிழக்கு அரங்கத்துக்கு அடியில் என் ஷெட்டில் இருப்பேன். தலைக்கு மேலே ஐயாயிரம் பேர் குதிப்பார்கள். துரு உதிர்ந்து டீ கிளாஸில் விழும். அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் கால்கள்தான். அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவர்களிடம் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அணி உள்ளே வரும்போது மேல் அடுக்கின் முன்வரிசைக்காரர்கள் தடுப்புக் கம்பியின்மேல் வயிற்றைச் சாய்த்து, இரண்டு கையாலும் கம்பியைத் தட்டிக்கொண்டே குதிப்பார்கள். டிரம் எப்படிப் போகிறதோ அப்படி. டிரம் அடிப்பவர் என் தங்கை புருஷன், பஸ் ஓட்டுகிறவர். மற்றபடி நல்ல மனிதர். சனிக்கிழமையானால் மட்டும் முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு மனிதக் கணக்கிலிருந்து விலகிவிடுவார்.

கிளப்புக்கு முதலாளிகள் இரண்டு பேர். பெரியவரை யாரும் பார்த்ததில்லை. சின்னவர் வருவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் மேல் அடுக்கில் நடந்துகொண்டிருந்தவர் நின்று, கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"இது எத்தனை வருஷத்துக் கம்பி?"

"எனக்கு முன்னாடியே இருக்கு சார்."

அவ்வளவுதான் பேச்சு. அந்த சீசனில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு முன்கள வீரரை அவர் வாங்கவில்லை. கம்பிகளை மாற்றச் சொன்னார். அன்றிலிருந்து ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கம்பி'. "கம்பியா வந்து கோல் அடிக்கும்?" என்று துணியில் எழுதித் தொங்கவிட்டார்கள். எதன்மேல் தொங்கவிட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தேவைப்படும். கம்பியைத் தாங்கும் கால்களை முதலில் அடித்தகட்டின்மேல் நிறுத்தி, இரண்டு பொட்டு மட்டும் பற்றவைப்போம். நேராக நிற்கிறதா என்று பார்க்கத்தான் அந்தப் பொட்டு. ஆள் சாய அல்ல. அப்படி நிற்கும் காலில் சிவப்பு வளையம் பூசிவிடுவேன். சிவப்பு இருந்தால் யாரும் அருகில் நிற்கக்கூடாது, கயிறு கட்டிவிடுவார்கள். சுற்றிலும் முழுதாகப் பற்றவைத்த பிறகுதான் சிவப்பைச் சுரண்டிவிட்டு நீலம். இந்த முறை சின்னவர் காலத்தில் வந்தது. கிழக்கு மேல் அடுக்கில் நாற்பது கால்கள். முப்பத்தைந்து முடிந்துவிட்டன. நடுவில் ஐந்து கால்களில் சிவப்பு இருந்தது.

சின்னவர் விலகும் செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மைதான வாசலுக்கு எதிரில் சலூனில் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன். சலூன்காரர் ரசிகர் மன்றத் தலைவர். கழுத்தில் கத்தியை வைத்தபடியே போனைப் பார்த்தார்.

"டேய், கம்பி கம்பி நீட்டிட்டான்டா!"

இந்த ஒரு நகைச்சுவைக்கு ஒரு வாரம் சிரித்தார்கள். காத்திருந்த நான்கு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். என் முகத்தில் பாதி அப்படியே நின்றது. 'சொந்தக் காரணங்களால் தன் பங்கை விட்டுக்கொடுத்து விலகுகிறார்' என்று கிளப் மூன்று வரி போட்டிருந்தது. அந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு மாலைக்குள் முப்பது கதைகள். மறுநாள் அதே சலூன்காரர் வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"என்ன இருந்தாலும் மழையில நம்மகூட நனைஞ்சு நின்ன மனுஷன்யா. நாமதான் விரட்டிட்டோம்."

"நேத்து ஆடினீங்களே?"

"அது வேற உணர்ச்சி, இது வேற உணர்ச்சி. உனக்குப் புரியாது."

வியாழக்கிழமை, புது முன்கள வீரர் வருகிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். உடனே மூன்றாவது உணர்ச்சி. நாற்பது அடித் துணி வாங்கி, 'இரும்பு போச்சு, கோல் வரும்' என்று எழுத ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை அணி உள்ளே வரும்போது மேல் அடுக்கின் நடுவிலிருந்து அதை இறக்குவதாகத் திட்டம். நடுவில் என்றால், நான் சொன்ன அந்த ஐந்து கால்கள் நிற்கும் இடத்தில்.

இவர்களுக்காகவா ஒரு மனிதர் இரண்டு வருடம் கம்பியை ஆட்டிப் பார்த்தார் என்று நினைத்தேன். கோபம் எல்லாம் இல்லை. மாட்டுக்கு வேலி போடுகிறோம், அது வேலியிலேயே முதுகைச் சொறிகிறது. மாட்டின்மேல் யாராவது கோபப்படுவார்களா?

அன்று மதியம் சின்னவர் கடைசியாக வந்து எல்லோரிடமும் விடைபெற்றார். மேல் அடுக்கு வரை ஏறி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நன்றி பெயிண்டர். கலர் பிரமாதமா வந்திருக்கு," என்றார். கிளம்பும் அவசரம், மனதில் ஆயிரம் இருக்கும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இறங்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நீல டப்பாவைத் திறந்தேன்.

அந்த ஐந்து கால்களின் சிவப்பின்மேல் நீலம் பூசினேன். இரண்டு முறை பூசினேன், ஒரு முறையில் சிவப்பு தெரிந்தது. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஷெட்டில் வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் நாற்பது கால்களும் ஒரே மாதிரி இருந்தன.

சின்னவர் போனதும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். நிறுத்தச் சொன்ன கடிதத்தை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள், நல்லது. அது மேற்கு அரங்கத்துக்கு வந்த கடிதம். கிழக்கைப் பற்றி மேனேஜர் வாயால்தான் சொன்னார். "அந்த அஞ்சையும் முடிச்சுட்டு பெயிண்ட் அடிச்சுடு, சனிக்கிழமை கூட்டம் ஜாஸ்தி," என்றார். வெள்ளிக்கிழமை வந்து நீலத்தைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது," என்றேன். நீலத்தைப் பார்த்தால் முடிந்தது என்று அர்த்தம். அந்த மனிதர்மேல் தப்பில்லை.

ஐந்து கால்களுக்கு அரை நாள் வேலை. வெள்ளிக்கிழமை முழுக்க இருந்தது. மெஷினில் கோளாறு இல்லை, பற்றவைக்கும் ராடு ஒரு பெட்டி பிரிக்காமல் இருந்தது. ஷெட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, ரசிகர்கள் வெளியே புதுப் பாட்டுப் பழகுவதைக் கேட்டேன். 'இரும்பு போச்சு' என்று வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கை தட்டினார்கள். இரும்பு வேண்டாம் என்றார்கள். இரண்டு வருடமாக அதைத்தான் சொன்னார்கள். நான் காது கொடுத்துக் கேட்ட முதல் தடவை அது.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். நாளைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். தங்கை சிரித்தாள். "காய்ச்சல்ல கெடந்தப்பவே போன ஆளு இது. நீ சொல்லிக் கேக்கவா போகுது?" என்றாள். அதனால் வேறு வழியில் போனேன்.

"மாப்ளே, மேல நீங்க அடிக்கிறது கீழ் அடுக்குக்குக் கேக்கவே இல்ல. கீழ நடுவுல நின்னு அடிச்சா ரெண்டு அடுக்கும் ஒண்ணா சேரும்."

"மச்சான், உங்களுக்குப் பந்து உருண்டையா சதுரமான்னே தெரியாது. டிரம் சொல்லித் தர்றீங்களா?"

"இருபத்திரண்டு வருஷமா அடியில உக்காந்து கேக்கறேன்ல? மேல நிக்கறவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்."

யோசித்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "அட, சரியாத்தான் சொல்றீங்க. அவங்க மேலேருந்து என்னைப் பாத்துக்கிட்டே தட்டலாம்." என் தோளில் ஒரு போடு போட்டார். முதல் தடவையாகக் கிளப்புக்கு ஒரு நல்ல யோசனை சொல்லியிருக்கிறேன் என்றார்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு அணி உள்ளே வந்தது. ஷெட்டிலிருந்து டிரம் சத்தம் தெளிவாகக் கேட்டது. அதற்கு முன் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. இரண்டு அடுக்கும் சேர்ந்தன. துணியை இறக்க முன்வரிசை மொத்தமும் நடுவுக்கு வந்து சாய்ந்தது, பின்வரிசை அவர்கள் முதுகின்மேல் ஏறியது. துரு உதிரவில்லை, எனக்கு அது நினைவிருக்கிறது. பிறகு டிரம் நின்றது.

பதினோரு பேர். ஒரு அணி என்று உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் வராந்தாவில் சொன்னார், காதில் விழுந்தது. பத்துப் பேர் மேலிருந்து விழுந்தவர்கள், சலூன்காரரும் அதில் உண்டு. பதினோராவது ஆள் எங்கேயும் விழவில்லை. கீழே, நான் நிற்கச் சொன்ன இடத்தில், முகத்தை மேலே தூக்கித் தாளம் சொல்லிக்கொண்டு நின்றார். நான் கம்பியில் சாய்கிறவர்களை மட்டும்தான் நினைத்தேன். கம்பி கழன்றால் அது எங்கே போகும் என்று ஒரு நிமிடம் நினைத்திருக்கலாம். இதுதான் என் தொழில், ஆனாலும் நினைக்கவில்லை.

மற்ற முப்பத்தைந்து கால்களைப் போய்ப் பாருங்கள். ஒரு கீறல் இருக்காது.

என்ன காரணம் என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். சின்னவருக்கு அவர்கள் செய்த அவமானத்துக்காகத்தான். எனக்கென்று இதில் ஒன்றும் இல்லை. அவர் நேற்று தொலைக்காட்சியில் இரங்கல் சொன்னதாகச் சொன்னீர்கள். வேலைக்காரர்கள் யாரையாவது பெயர் சொல்லிக் குறிப்பிட்டாரா? இல்லை, சும்மா கேட்டேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், தெரிந்துதான் செய்தேன், கையெழுத்துப் போடுகிறேன். மாப்பிள்ளையைக் கீழே நிற்கச் சொன்னது நான் என்பதை மட்டும் தங்கை வந்தால் படித்துக் காட்ட வேண்டாம். அவளுக்கு அது புரியாது.

இன்னொன்று, சார். முதல் பக்கத்தில், தொழில் என்ற இடத்தில் பெயிண்டர் என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு வெல்டர் என்று எழுதுங்கள். எழுதினால்தான் கையெழுத்து.