அய்யாவுவின் காது

காதை ஆட்டத் தெரிந்தவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்கும். அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் ஓய்வாகக் காலம் தள்ளும் இந்த வயதிலும், பஸ்ஸில் எதிரில் இருப்பவரின் காதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய அய்யாவு அதில் மன்னன். அவன் காதை ஆட்டினால் அடுத்த லயத்து வீட்டில் அடுப்பு பற்றிக்கொள்ளும், கொசுவெல்லாம் பினாங்குக்கு ஓடிவிடும். நான் அப்போது உடற்கூறும் பரிணாமமும் கலந்த டாக்டர் பட்ட ஆய்வில் இருந்தேன். குரங்கு மனிதனான வழியில் காதுத் தசை எப்படிச் சோம்பேறியானது என்பதுதான் விஷயம். சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்துக் கல்லூரியையும் மூடிவிட, பாதி ஆய்வேட்டோடு கெடாவுக்குத் திரும்பி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டராக உட்கார்ந்தேன். குரங்குக் காது நாற்பது அறுத்தாயிற்று. சோம்பாத மனிதக் காது ஒன்றுதான் பாக்கி.

நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடித்தார்கள். பட்டியலில் அய்யாவுவும் இருந்தான். போனவன் திரும்பமாட்டான் என்று பேச்சு. உடம்புக்கு முடியாதவன் என்று நான் சீட்டு எழுதினால் விட்டுவிடுவார்கள்.

"சயாம் மட்டும் வேணாங்கய்யா. வேணும்னா இந்தக் காதை அறுத்து எடுத்துக்குங்க லா" என்றான்.

அவசரமில்லை என்றேன். சீட்டும் எழுதினேன். சயாமில் செத்தால் அந்தக் காது எனக்கு எப்படிக் கிடைக்கும்?

சீட்டுக்குப் பொருத்தமாக அவனை வார்டில் படுக்கவைத்தேன். மூன்றாம் வாரம் நிஜமாகவே மலேரியா வந்தது. அலமாரியில் அதற்கான கொய்னா மருந்து இருந்தது. மற்றவர்களுக்கு ஒழுங்காகக் கொடுத்தேன். அவனுக்கு மட்டும் மரவள்ளி மாவை உருட்டி, கசப்புக்கு நிலவேம்பு சேர்த்தேன். மாத்திரை உருட்டுவதில் எனக்கு நல்ல கை. முகத்தைச் சுளித்து விழுங்குவான், காது இரண்டும் ஆடும், நான் குறித்துக்கொள்வேன். பத்தாம் நாள் போய்விட்டான்.

அறுத்துப் பார்த்தால், எல்லாருக்கும் இருக்கிற அதே தசை. வெறும் பழக்கம் போலிருக்கிறது. அதுவும் ஒரு முடிவுதானே. போர் ஓய்ந்ததும் பட்டம் கிடைத்தது. அன்று தலைக்குத் துண்டு கட்டித்தான் உடலை வீட்டாரிடம் கொடுத்தேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தான். அவனுக்குப் பதிலாகச் சயாம் போன பக்கிரிசாமி திரும்பிவந்து, அலோர் ஸ்டாரில் கடை வைத்து, பேரனும் எடுத்துவிட்டான்.

அய்யாவுவின் மனைவி மருதம்மாள் தீபாவளிதோறும் முறுக்கோடு வந்து என் காலில் விழுவாள்.

"சயாம் காட்டுல நாதியத்துப் போவாம, எங்க கண்ணு முன்னால கண்ண மூட வச்சீங்களே அய்யா."

முறுக்கை வாங்கிக்கொள்வேன். வேண்டாமென்றால் வருத்தப்படுவாள். நான் யார் மனதையும் நோகடித்தவன் இல்லை.