நாலாவது கம்பி

— கையை எடுங்கப்பா, வெளிச்சத்தை மறைக்கறீங்க.

— நீ சீக்கிரம் முடி. இந்நேரம் உங்கண்ணன் ஃபோன்ல கூப்பிடற நேரம். மணி அடிச்சா என்ன பண்றது?

— மணி அது பாட்டுக்கு அடிக்கும். இந்த வயர் பேசறதுக்குத்தான்.

— பேசறதுக்குத்தானே உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!

— என்ன திடீர்னு? அம்மா சாவுக்கு வரலன்னு நீங்கதான் அவனோட பேச்சை விட்டீங்க. வருஷா வருஷம் அம்மா நினைவு நாளுக்குக் கூப்பிடறான். நீங்களும் எடுத்துக் காதுல ஒட்டிக்கிட்டு, வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி உம்முனு நின்னுக்கிட்டு, வயரை முறுக்கோ முறுக்குன்னு முறுக்கறீங்க. உள்ள எல்லாம் நார் நாராப் போயிருக்கு.

— குத்திக் காட்டறதுக்கு இதுதான் நேரமா, அம்மாடி? இன்னிக்குப் பேசறேன்னு சொல்லிட்டேன்ல.

— என்னன்னு பேசுவீங்க?

— 'வாடா'ம்பேன். வேற என்ன இருக்கு?

— இதைச் சொல்ல இத்தனை வருஷம்! சரி, அந்த ஸ்க்ரூ டிரைவரைக் குடுங்க.

— இந்தா. மிக்ஸி, அயர்ன் பாக்ஸுன்னு ஊர்ல உள்ளதையெல்லாம் பிரிச்சு மேயறவ நீ. இது உனக்குத் தண்ணி பட்ட பாடு.

— இந்தக் காலத்துச் சாமானா இது? பழைய வயர்ல மூணு கம்பி, புதுசுல நாலு. ரிசீவர் பக்கம் கடைக்காரரே மாட்டிக் குடுத்துட்டார். பெட்டிப் பக்கம் மூணு திருகுதான் இருக்கு.

— அப்ப ஒண்ணு மிச்சம். நல்லதுதானே, கூடக் குடுத்திருக்கார்.

— அப்படித்தான் போல. மடிச்சு டேப் சுத்திடறேன். ஆச்சு, காதுல கேட்டுப் பாருங்க.

— கொர்ருங்குது! நல்லாக் கேக்குது! என் தங்கமே!

— குடுங்க, மூடியைப் போட்டுடறேன்... அப்பா! அடிக்குது!

— மூடி கெடக்கட்டும், தள்ளு! ஹலோ! டேய், அப்பா பேசறேன்டா!

— ஹலோ... அப்பா?

— அப்பாவேதான்டா! எப்படி இருக்க?

— எடுத்துட்டீங்கன்னு தெரியுது. பேச மாட்டீங்கன்னும் தெரியும்.

— பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்! அம்மாடி, இவனுக்குக் காது அடைச்சுப் போச்சா?

— ரிசீவரை இந்தப் பக்கம் திருப்புங்க, எனக்கும் கேக்கட்டும். அண்ணா! நான்தாண்ணா!

— பரவால்லப்பா. முன்னெல்லாம் நீங்க மூச்சு விடற சத்தமாவது கேக்கும். இன்னிக்கு அதுகூட இல்ல.

— மூச்சுகூடக் கேக்கலையாம்! என்னத்தைப் பண்ணித் தொலைச்ச?

— ஐயோ, அந்த நாலாவது கம்பி! அது மிச்சம் இல்லப்பா, வாய்க்குப் போற கம்பி! அவன் பேசறது நமக்கு வருது, நாம பேசறது அவனுக்குப் போகல!

— அப்ப மாட்டு! வாயைப் பாத்துக்கிட்டு நிக்கற!

— பிரிக்கறேன், இருங்க... இந்த டேப் வேற பிசின் மாதிரி ஒட்டிக்கிச்சு.

— அப்பா, நாளைக்குக் கப்பல் ஏறறேன். இந்தத் தடவை போனா அங்கேயேதான். இனிமே கூப்பிட்டு உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். ஆனா நீங்க 'வா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா, டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு நேரா வீட்டுக்கு வந்துடுவேன்.

— வாடா! வந்துடுடா, என் ராசா! வா!

— ஒரே ஒரு வார்த்தைப்பா.

— தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டுத்தானேடா இருக்கேன், பாவி! அம்மாடி, எந்த ஊர் டெலிஃபோன் பூத்துல நின்னு பேசறானோ, இவன் போயிட்டா திரும்பக் கூப்பிட நம்மகிட்ட நம்பர்கூட இல்லையே!

— டேப் வந்துடுச்சு. சிவப்புக் கம்பி இருக்கற திருகுல இதையும் தொட்டுப் புடிச்சாப் போதும். ஆனா திருகு அடியில இருக்கு, தெரியல. பெட்டியைத் தூக்கறேன்.

— தூக்காத! ரிசீவர் உக்கார்ற அந்தக் கொக்கி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. கை பட்டு அமுங்கினா லைன் போயிடும்!

— அது படாமத்தான் புடிச்சிருக்கேன். நீங்க அவசரப்படுத்தாதீங்க.

— அப்பா... இருக்கீங்களா?

— இருக்கேன்டா, இருக்கேன்! அம்மாடி, பாத்து மெதுவா!

— இன்னும் ஒரு நூல்தான்ப்பா... நுனி வழுக்குது...

— கொக்கிமேல போகுது உன் விரல்! வச்சுடு! வச்சுடு! வச்சுடுன்னு சொல்றேன்ல!

— உங்க குரல் கேட்டுச்சுப்பா. ஃபோனை வச்சுடறேன்.