கேரியரில் இடமில்லை

…இல்லண்ணே, நீங்களே சொல்லுங்க, பாதி ஏத்தத்துல சைக்கிள் நின்னா அது பேட்டரி தப்பா, என் தப்பா? உங்க உப்பு லாரி மட்டும் வரலன்னா, இந்நேரம் நான் அந்த வளைவுலயேதான் சைக்கிளப் புடிச்சுக்கிட்டு நின்னுருப்பேன். குதிரைல போன எங்க ஊர்க்காரன் ஒருத்தன் கடிவாளத்த இழுத்து நிறுத்தி, "என்ன தோலோன், சண்டித்தனம் பண்ணுதா? கொஞ்சம் புல்லு காட்டிப் பாரேன்"னுட்டுப் போறான். சிரிச்சேன். வேற என்ன பண்ண? நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்.

அய்யோ, பள்ளம், பாத்து! …ஒண்ணுமில்லண்ணே, மடில இருக்கிறது பேட்டரி. சைக்கிள் பின்னால, ஆடு குதிரை நக்குற உங்க உப்புக்கட்டி மேல கெடக்கட்டும், இத அங்க போட மனசு வரல. பதினாறு கிலோ. எம் பொண்டாட்டி புருல்சா சொல்லுவா, "நம்ம புள்ளைங்கள நீங்க இப்படி மடில வச்சு நான் பாத்ததே இல்ல"ன்னு. …தொட்டுப் பாக்கறீங்களா? பாருங்க, பாருங்க. மேல சுத்தியிருக்கிற கம்பளி நல்ல கம்பளி. அத அப்பறம் சொல்றேன்.

மொதல்ல ஆறு கிலோதான் இருந்துச்சு, தெரியுமா? பழைய லேப்டாப்புங்களப் பிரிச்சு, உள்ள இருக்கிற செல்ல ஒண்ணொண்ணா எடுத்து, நானே சேத்துக் கட்டி, சைக்கிள்ல ஒரு மோட்டாரும் மாட்டினேன். சத்தியமா சொல்றேன், பறந்துச்சு. பாலம் வரைக்கும் பறந்துச்சு. பாலத்துக்கு அப்பறம் ஏத்தமா… எறங்கித் தள்ளினேன். சரி, இன்னும் நாலு கிலோ போடுவோம்னு போட்டேன். கொஞ்ச தூரம் கூடப் போச்சு. ஆனா பாரமும் கூடிப்போச்சா, அந்தப் பாரத்த இழுக்க இன்னும் பேட்டரி வேணும். அதப் போட்டா, அத இழுக்க இன்னொண்ணு. கடைசில பாத்தா, பேட்டரி பேட்டரிய இழுத்துட்டுப் போகுது, நான் சும்மா மேல உக்காந்து வேடிக்கை பாக்கறேன்.

"பேட்டரியக் கூட்டுறதுக்குத் தொப்பையக் கொறைங்களேன்"னா புருல்சா. கோவம் வந்துருச்சு. சரி, எவ்வளவுதான் இருக்கோம் பாப்போம்னு, பக்கத்து வீட்டுல ஆடு நிறுக்கிற கொக்கித் தராசு இருக்கு, அதுல போயி பெல்ட்ட மாட்டித் தொங்கினேன். அந்த வீட்டுக்காரன் வந்தான். சந்தைல ஆட்டப் பாக்கற மாதிரி என்னைச் சுத்திச் சுத்தி ஒரு நடை நடந்துட்டு, "வாலுல கொழுப்பு நல்லா எறங்கியிருக்கு, என்ன வெலை?"ங்கறான். நேரா வீட்டுக்கு வந்து சைக்கிள் மட்கார்டு, பெல்லு, ஸ்டாண்டு எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சேன். தொப்பை அப்படியேதான் இருக்கு.

கட்டினதே அவளுக்காகத்தாண்ணே. மேல மேய்ச்சல் மேட்டுல அவ அண்ணன் கதிராலி கூடாரம் போட்டுருக்கான்… என்னண்ணே, இருமுறீங்க? தூசியா? கண்ணாடிய ஏத்திக்கோங்க. …ஆங், கதிராலி. கோடை வந்தா அங்க போகணும், குதிரைப்பால் குடிக்கணும், அண்ணிகூட ரெண்டு வார்த்தை பேசணும், இவ்ளோதான் அவ ஆசை. குதிரை ஏறினா இப்ப இடுப்பு புடிச்சுக்குது. பஸ்ஸும் கெடையாது. "ஒன்னக் கேரியர்ல வச்சுக் கூட்டிட்டுப் போறேன்"னேன். வெக்கப்பட்டாண்ணே. இந்த வயசுல!

போறதுக்கு இவ்ளோ, வர்றதுக்கு இவ்ளோன்னு கணக்குப் போட்டு, பேட்டரிய ரெண்டு மடங்காக்கினேன். அடுப்புகிட்டேர்ந்தே அவ, "வர்றப்ப இறக்கம்தானே, அதுக்கு எதுக்குப் பேட்டரி?"ன்னா. "ஒனக்கு டீ போடத் தெரியும், அதப் பண்ணு"ன்னேன். அதயும் பண்ண முடியாது. பேட்டரி சார்ஜ்ல இருக்கறப்ப கெட்டில் போட்டா ஃபியூசு போயிடும்.

அவ்ளோ பெரிய பேட்டரிய எங்க வைக்கிறது? கேரியர் மேலதான். இரும்புப் பெட்டி ஒண்ணு செஞ்சு அங்க வெல்டிங் வச்சேன். அவளக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு சுத்து சுத்திப் பாத்தா. "எல்லாம் சரி, நான் எங்க உக்கார்றது?"ன்னா.

…ஆமாண்ணே. எனக்கும் அப்பத்தான் தோணுச்சு.

அதுக்குக்கூட அவ கோவிச்சுக்கல, பாருங்க. சிரிச்சா. கோவிச்சுக்கிட்டு அண்ணன்கிட்டப் போனது வேற விஷயத்துக்கு. கம்பளி விஷயம். மேல குளிருல்ல? குளிர்ல பேட்டரி சீக்கிரம் சோந்துடும், தூரம் கொறஞ்சுடும். போத்த ஏதாவது வேணும். சூடாவும் இருக்கணும், கனக்கவும் கூடாது. ஆட்டுரோம விரிப்ப விட்டா வேற என்ன இருக்கு? உள்ள ஒண்ணு மடிச்சு வச்சிருந்தா. அவ கல்யாணத்துக்கு அவ அம்மா செஞ்சு குடுத்தது. செவப்பு விரிப்பு, ஆட்டுக்கொம்புக் கோலம். முக்கியமான விருந்தாளி வந்தா மட்டும் வெளிய எடுப்பா. ஒரு மூலைலதாண்ணே, கொஞ்சூண்டு. யாருக்குத் தெரியப் போகுதுன்னு கத்தரிய வச்சுட்டேன்.

அண்ணனும் அண்ணியும் வந்தாங்க. முக்கியமான விருந்தாளி. எடுத்தா, ஒதறினா, விரிச்சா. மூலைல நேர் சதுரமா ஓட்டை. எல்லாரும் அந்த ஓட்டையவே பாத்தாங்க. நான்தான் பேசினேன். குளிர்ல பேட்டரி எப்படிச் சோந்துபோகும்னு, எல்லார் டீயும் ஆறிப்போற வரைக்கும் வெளக்கினேன். கதிராலி மட்டும், "மாப்ளே, அதுக்குக் குளிராம இருந்தா சரி"ன்னான். மறுநாள் அவன் கார்லயே ஏறிப் போயிட்டா.

ஆமா, அதான் இது. ஒரு கொம்பு இங்க இருக்கு. ஜோடிக் கொம்பு வீட்டுல இருக்கு.

இப்பச் சொல்லி அனுப்பியிருக்கா. "ஆள் அனுப்ப வேணாம். அந்தச் சைக்கிள்லயே வரட்டும், அதுலயே என்னக் கூட்டிட்டுப் போகட்டும். முடியலன்னா எனக்கு இனிமே அண்ணன் வீடுதான்." வெளையாட்டுக்குச் சொல்றவ இல்லண்ணே அவ. பேட்டரி முழுசா சார்ஜ் ஏறி ரெண்டு நாளாச்சு, வீட்டுல கெட்டில் போட்டாலும் ஃபியூசு போகல. குடிக்கத்தான் புடிக்கல.

நிறுத்துங்க, நிறுத்துங்க! அந்த மேட்டுக்கு இந்தப் பக்கமே. லாரில வந்து எறங்கறத அவ பாக்கக் கூடாது. …பேட்டரிய சீட்டுல வச்சுட்டு வர்றேன், மொதல்ல சைக்கிள எறக்கிடுவோம். மெதுவா… அடேயப்பா! எவ்ளோ லேசா இருக்கு பாத்தீங்களா! ஒரு கையாலயே…

இருங்கண்ணே.

இங்கேருந்து எங்க வீடு வரைக்கும் பூரா… இப்ப நாம ஏறி வந்தது அத்தனையும்…

சரி. சரி சரி. பேட்டரி உங்க சீட்டுலயே இருக்கட்டும்ணே. ஊர்ப்பக்கம் வர்றப்பக் குடுங்க. மறந்துட்டாலும் பரவால்ல. விரிப்ப மட்டும் உருவிக்கறேன். பெட்டி மூடி மேல மடிச்சுப் போட்டா… அவ உக்கார நல்லா மெத்துன்னு இருக்கு. கொம்பு உள்பக்கமாப் போகட்டுமா? …வேணாம், வெளியவே தெரியட்டும். மறைச்சா அதுக்கு வேற வாங்கிக் கட்டிக்கணும். நல்லவேளை, பிரேக்கக் கழட்டல.

வர்றேண்ணே. ரொம்ப உபகாரம். நீங்க இப்படியே நேராவா? உப்பு யாருக்கு?

…எந்தக் கதிராலி?

அய்யய்யோ. அப்ப நான் இவ்ளோ நேரம்… அண்ணே, லாரிய எடுக்காதீங்க! நான் தள்ளிட்டு வர்றதுக்குள்ள நீங்க… அண்ணே! …சரி, போங்க! போயி எல்லாத்தையும் சொல்லுங்க! தராசுல தொங்கினது, லாரில வந்தது, எல்லாம்! ஆனா மொதல்ல, திரும்பற வழி இறக்கம்தான்னு நான் ஒத்துக்கிட்டேன்னு சொல்லிடுங்கண்ணே! கேக்குதா? இறக்கம்தான்னு!